வராதவர்கள் பட்டியல்

மார்ச் 3, திங்கள், காலை 7.40. வரிசையில் 63 பேர்.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பா நலம். நீயும் அத்தானும் வாண்டும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் திருத்தம் எழுதி அனுப்பு. போனில் பேசினால் நாலாவது நிமிஷம் நமக்குள் சண்டை வருகிறது, அதனால் அவசரம் தவிர மற்றதெல்லாம் காகிதத்தில்தான் என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன். பேனா பிடித்து ஐந்து வருஷமாகிறது. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

அந்த 63 பேரும் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் நிற்கிறவர்கள். கதவு எட்டரைக்குத்தான் திறக்கும். முன்பெல்லாம் ஐந்து மணிக்கே வந்து செருப்பைப் போட்டு இடம் பிடிப்பார்களாம். என்னை ஒப்பந்தத்தில் வேலைக்கு வைத்ததே இதை ஒழிக்கத்தான். டோக்கன் மெஷின் வைத்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண், வரவேண்டிய நாள், நேரம். கூடத்தில் பெரிய திரை. யாருக்குச் சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டும். இரண்டு மணி நேரம் காத்திருந்தவர்கள் இப்போது 22 நிமிஷத்தில் டாக்டரைப் பார்க்கிறார்கள். இது கதை இல்லை, கணக்கு.

ஆனாலும் இன்று மெஷினைத் தொட்டவர்கள் 9 பேர். மீதி 54 பேர் சைக்கிள் அக்காவுக்காக நிற்கிறார்கள். இங்கே உள்ள நர்ஸ். நாற்பது வயதிருக்கும். காலையில் இங்கே, இரண்டு மணிக்கு மேல் சைக்கிளில் வீடு வீடாகப் போவார். பல் விழுந்தவர்கள் வரைக்கும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மெஷின் கொடுத்த சீட்டை அவரிடம் நீட்டி, “அக்கா, இது என்ன சொல்லுது?” என்று கேட்கிறார்கள். சீட்டில் கொட்டை எழுத்தில் 10.15 என்று இருக்கிறது. அவரும் வாங்கிப் பார்த்து, “பத்தே காலுக்கு வரச் சொல்லுது” என்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். மெஷின் சொன்னால் நம்பிக்கை இல்லை. அவர் வாயால் வந்தால்தான் பத்தே கால் பத்தே கால் ஆகும்.

பொறாமை என்று நினைப்பாய். இல்லை. இது வடிவமைப்புக் குறை.

அப்பா வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டுக்கொண்டு திரிகிறார். தரை சில்லென்று இருக்கிறதாம், இந்த வெயிலில்.

உன் தம்பி.

மார்ச் 15

தம்பிக்கு,

இங்கே வாண்டுக்குச் சளி. உன் அத்தானுக்கு வழக்கமான முதுகுவலி, வழக்கமான புலம்பல். எனக்கு ஒன்றுமில்லை, எனக்கு ஏதாவது வர நேரம் வேண்டுமே. ஆலையில் ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை என் மேஜைக்கு வருகிறது. தையல், பொத்தான், பிசிறு பார்த்துத் தள்ளுகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உன் அத்தான் சட்டையிலும் பிசிறுதான் கண்ணில் படுகிறது. அவர் கிட்டேயே வருவதில்லை.

அது என்ன, ஊருக்கெல்லாம் அக்கா? நீயும் அப்படித்தான் கூப்பிடுகிறாயா? உண்மையைச் சொல்லிவிடு. அந்தப் பேருக்கு நம் வீட்டில் ஒருத்திதான் உண்டு. அவள் இருபத்தாறு வருஷமாக உன் வாயை அடக்கப் பாடுபட்டுப் பேர் வாங்கியவள்.

அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? இவ்வளவு பெரிய மெஷினை வைத்துக்கொண்டு அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய். உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. சாப்பிடும்போது வேலையைப் பற்றிப் பேசாதே, அப்பா பாவம்.

அக்கா (ஒரே ஒருத்தி).

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நலம். வாண்டுக்குச் சளி விட்டதா? நான் அவரை “சிஸ்டர்” என்றுதான் கூப்பிடுகிறேன். திருப்தியா?

அப்பாவுக்கு ஜனவரியில் 286. திரை புதிதாக வந்த வாரம். நானே கூட்டிக்கொண்டு போய் ஊசி குத்திப் பார்த்தேன். ஒரு வருஷத்துக் கோட்டைப் பெரிதாக்கிக் கூடத்துத் திரையில் போட்டேன், உட்கார்ந்திருந்த நாற்பது பேருக்கும் பாடமாக இருக்கட்டுமென்று. பேர் போடவில்லை, எண் மட்டும்தான். ஆனால் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாரா, எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒருவர் சிரித்தார். அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதற்கப்புறம் வரச் சொன்னால், “நல்லாத்தான் இருக்கேன்” என்கிறார். பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மதியம் ஒரு கேபிளை எடுக்க வீட்டுக்கு வந்தேன். வாசலில் அந்த சைக்கிள். அப்பா குந்தி உட்கார்ந்து அதன் பிரேக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். ரிட்டயரான பிறகு லேத் பட்டறைப் பெட்டியை அவர் திறந்தே நான் பார்த்ததில்லை. என் மேஜை ஆடுகிறது என்று எட்டு மாதமாகச் சொல்கிறேன். நர்ஸ் நம் வீட்டு டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, அப்பா சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார், அக்கா. “இனிமே பள்ளத்துல இறங்கினாலும் நிக்கும், போய்ட்டு வா மகளே” என்றார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. “என்ன, வேலை இல்லையா?” என்று கேட்டார்.

எதற்கு வந்தார் என்று கேட்டதற்கு, இந்தத் தெருவில் ஒரு வேலை என்றார் நர்ஸ். இந்தத் தெருவில் அன்றைக்குப் பட்டியலில் யாரும் இல்லை. நான் சரிபார்த்தேன்.

தம்பி.

ஏப்ரல் 28

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். பதில் தாமதமாகிவிட்டது, ஆலையில் வேலை அதிகம்.

அந்தம்மாவைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம். அப்பா என்னை ஒருநாளும் மகளே என்று கூப்பிட்டதில்லை. “ஏய், இங்க வா”தான்.

அப்பாவை மாடிப்படி ஏற விடாதே. வெறுங்காலோடு வெளியே போக விடாதே. ஒரு அளவு பெரிதாக மெத்தென்ற செருப்பு வாங்கிக் கொடு, நான் சொன்னதாகச் சொல். அவருக்குப் புரியும்.

அக்கா.

மே 10

அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. செருப்பு வாங்கினேன். ஒரு அளவு பெரிதாக ஏன்? அறுபத்தெட்டு வயதில் கால் வளருமா? அவரும் காரணம் கேட்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டார். நீ சொன்னால் மட்டும் எல்லாம் நடக்கிறது.

ஜூன் கடைசியில் சுகாதாரக் குழு கூடுகிறது. நிரந்தரமாக்க ஒரே ஒரு பணியிடம் இருக்கிறது: ஒன்று என்னுடையது, இல்லையென்றால் வீடு வீடாகப் போகிற நர்ஸுடையது. அவரும் என்னைப் போல ஒப்பந்தம்தான். எது அவசியம் என்று அறிக்கை எழுதச் சொன்னது என்னிடம். எண்கள் என்னிடம்தானே இருக்கின்றன. இதில் உனக்கே ஆதாயம் இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் வேலையாகப் பட்டியலைச் சுத்தம் செய்தேன். மொத்தம் 412 பேர். மூன்று தவணை தொடர்ந்து வராத 41 பேரை நீக்கினேன். மீதி 371. ஒழுங்காக வருகிறவர்கள் 330. முன்பு நூற்றுக்கு 80, இப்போது 89. ஒரு மதியத்தில் ஒன்பது புள்ளி முன்னேற்றம்.

நர்ஸ் மேஜைக்கு வந்தார். அவருடைய மதிய வேலைக்கும் இனி என் பட்டியல்தான் அச்சாகும் என்று சொல்லியிருந்தேன். குரல் உயர்த்தாமல், “வராதவங்க பேரைத்தான் தம்பி நான் முதல்ல பாப்பேன். வர்றவங்க எப்படியும் வந்துருவாங்க” என்றார். வராதவர்களுக்கு அக்கறை இல்லை, அக்கறை இல்லாதவர்களுக்குச் செலவழிக்க நம்மிடம் கை இல்லை என்றேன். அவர் என் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

12ஆம் தேதியிலிருந்து அவருக்கு இரண்டு வாரம் வெளியூரில் பயிற்சி. வேறொரு நர்ஸ் வருகிறார். நிம்மதி.

தம்பி.

மே 16

தம்பி,

சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

அந்த 41 யார்? எண்ணாக வேண்டாம், பேராக எடு. ஒவ்வொரு பேராக வாய்விட்டுப் படி. படித்துவிட்டு எனக்கு எழுது. நான் எண்ணூறு சட்டையில் கையில் எடுத்துப் பார்ப்பது பிசிறு உள்ளதைத்தான். நீ அதை அப்படியே குப்பையில் போட்டுவிட்டு எல்லாச் சட்டையும் நன்றாக இருக்கிறது என்கிறாய்.

உடனே செய்.

அக்கா.

மே 23

அக்காவுக்கு,

சுகம் நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: நலம்.

பேர் பார்க்க முடியாது. ரகசியம் காப்பதற்காகப் பட்டியல் எண்ணில் இருக்கிறது. பேர் வேண்டுமென்றால் 41 கோப்பைத் தனித்தனியாகத் திறக்க வேண்டும். எனக்கு அதற்கு நேரமில்லை, உனக்கு ஏன் அந்த அக்கறை என்றும் விளங்கவில்லை. அந்த நர்ஸைப் பற்றி எழுதாதே என்றாய். இப்போது அவர் கட்சி பேசுகிறாய்.

அறிக்கையை இன்று கொடுத்துவிட்டேன். நர்ஸ் வீடு வீடாகப் போவதை நிறுத்தலாம் என்று எழுதியிருக்கிறேன். மாற்று நர்ஸ் சுறுசுறுப்பானவர். முதல் நாள் யாரோ கொடுத்தனுப்பிய ஒரு நோட்டோடு வந்தார், அதைச் சரிசெய்துவிட்டேன். இப்போது என் பட்டியல்படி போய் நாலு மணிக்கெல்லாம் திரும்பிவிடுகிறார்.

வீட்டில் இரண்டு நாளாக ஒரு நாற்றம். அலமாரிக்கடியில் எலி செத்திருக்கும் என்கிறார் அப்பா. தேடினேன், கிடைக்கவில்லை. பினாயில் ஊற்றியிருக்கிறேன். அவர் அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. புழுக்கம்.

தம்பி.

மே 30

அக்கா,

நேற்று மாலை 4.20க்கு அப்பாவின் இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது. நீ நாளை காலை வருகிறாய் என்று தெரியும். இது உன் கைக்கு நீ ஊர் திரும்பிய பிறகுதான் வந்து சேரும். நேரில் கேட்டால் கத்துவேன். அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை 8.15க்கு நான் கிளம்பும்போது நர்ஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். பயிற்சி முடிந்து வந்தவர் நிலையத்துக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். அப்பா கட்டிலில் திரும்பிப் படுத்திருந்தார். நர்ஸ் காலுறையைக் கழற்றினார். தரை சில்லென்று இருக்கிறதென்று சொல்லிக் காலுறைக்குள் மறைத்து, மூன்று மாதமாக ஒரே வீட்டில் என் கண் முன்னால் நடந்த அந்தக் காலை அன்றைக்குத்தான் பார்த்தேன். பழைய வேட்டித் துணியால் அப்பாவே சுற்றிக் கட்டியிருந்தார். “வண்டி வரச் சொல்லுங்க” என்றார் நர்ஸ். அவ்வளவுதான்.

அன்று போனில் உன்னிடம் “அப்பா கால்ல புண்” என்றேன். எந்தக் கால் என்று நீ கேட்கவில்லை. “சுண்டு விரல் பக்கம்தானே, ஆறிட்டு வந்துச்சே” என்றாய்.

எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸைக் கேட்டேன். பிப்ரவரியிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கட்டு மாற்றியிருக்கிறார். உனக்கு எழுதியதும் அவர்தான், அப்பா சொல்லச் சொல்ல. என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்றேன். நோயாளி சொல்லக்கூடாது என்றால் சொல்லக்கூடாது, அது விதி என்றார். அப்பா சொன்ன காரணத்தையும் நான் வற்புறுத்திக் கேட்டதால் சொன்னார்: “அவன்கிட்ட சொன்னா தூக்கித் திரையில போட்டுருவான்.”

41 கோப்பையும் திறந்துவிட்டேன். பதினாறாவது அப்பா.

அவருக்குத் தெரியும், உனக்குத் தெரியும், ஊரான் வீட்டு நர்ஸுக்குத் தெரியும். ஒரே கூரைக்கடியில் இருக்கிற எனக்கு எலி.

தம்பி.

ஜூன் 9

தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வாண்டு நலம். அப்பாவுக்குக் காய்ச்சல் திரும்ப வந்தால் உடனே போன் செய், சட்டமெல்லாம் கிடக்கட்டும்.

நாலு நாள் அந்த அறையில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நடுவில் அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அந்தப் பொண்ணு எத்தனை மணிக்கு வரும்?” என்று கேட்டார். உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். என் முகத்தை நீ பார்த்திருப்பாய்.

உன் ஏப்ரல் கடிதம் வந்த மூன்றாம் நாள் அந்த நர்ஸிடமிருந்து முதல் கடிதம் வந்தது. கையெழுத்து அவருடையது, பேச்சு அப்பாவுடையது. போனில் “ம்”, “சரி” தாண்டாத மனுஷன் அதில் ஒன்றரைப் பக்கம் பேசியிருந்தார். கால் வலி, இரவில் தூக்கம் வராதது, அம்மா போன பிறகு பகலில் பேச ஆளில்லாதது. முதலில் எரிந்தது. இதையெல்லாம் ஒரு அந்நியப் பெண்ணை உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறாரே என்று இரண்டு வாரத்துக்கு மேல் யாருக்கும் பதில் எழுதவில்லை. கடைசி வரியில், அவனுக்குத் தெரிய வேண்டாம், உனக்கு மட்டும் சொல்கிறேன் என்று இருந்தது. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

41 பேர் என்று நீ எழுதியபோதே அதில் அப்பாவும் இருப்பார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. போனை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் உனக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அது எனக்கு மட்டும் சொன்னதாக இருக்காது. அதனால் பேரைப் படி, பேரைப் படி என்று புதிர் போட்டு எழுதினேன். தபால் போய்ச் சேர ஆறு நாள்.

இரண்டு விரலில் ஒன்று என் கணக்கு. இதை நேரில் சொல்ல வாய் வரவில்லை.

அக்கா.

ஜூன் 21

அக்காவுக்கு,

நலம். அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. தடி ஊன்றி வாசல் வரை நடக்கிறார். அத்தான் முதுகு எப்படி?

விரலைப் பங்கு போடாதே. நான் உனக்கு எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மாற்று நர்ஸ் கொண்டுவந்த நோட்டு சைக்கிள் அக்காவுடையது. போகும் முன் யார் யார் வீட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும் என்று பதினொரு பேரைக் குறித்துக் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு நிலையத்தில் இரண்டு பட்டியல் கூடாது என்று சொல்லி அதை வாங்கி என் டிராயரில் வைத்துப் பூட்டினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. விதிக்காகச் செய்தேன் என்று அப்போது நினைத்தேன். இல்லை. அந்த நோட்டை எல்லோரும் நம்பினார்கள், என் மெஷினை நம்பவில்லை. அவ்வளவுதான் காரணம். முதல் பக்கத்தில் முதல் பேர் அப்பா.

போன வாரம் இதை நர்ஸிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. “சாவி எங்க?” என்று கேட்டார். நோட்டை எடுத்துக்கொண்டு, விட்டுப்போன பதினைந்து நாளையும் வரிசையாகத் தேதி போட்டுக் காலியாக விட்டு, அடுத்த பக்கத்தில் அன்றைய வேலையை ஆரம்பித்தார். மதியம் நானும் கூடப் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதுவரை 17 வீடு பார்த்தாயிற்று. அக்கறை இல்லாதவர்கள் என்று எழுதியிருந்தேனே, அவர்கள்: நாலு பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள். மூன்று பேருக்கு நாலாவது மாடியிலிருந்து இறங்க முடியாது. ஐந்து பேருக்குச் சீட்டில் இருப்பதைப் படிக்கக் கண் தெரியவில்லை. நாலு பேர் என் திரைக்குப் பயந்து நின்றவர்கள். ஒருவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். செவ்வாய்தோறும் தவறாமல் வந்திருக்கிறார். மெஷினில் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, வந்ததற்கு அதுதான் அத்தாட்சி என்று வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார். பதினொரு சீட்டை ரப்பர் போட்டு அடுக்கி வைத்திருந்தார். என் மெஷினை மதித்த ஒரே மனிதர். அவரையும் நீக்கியிருக்கிறேன்.

ஒவ்வொரு வீட்டிலும் கதவு திறந்ததும் அவரைப் பார்த்து முகம் மலர்கிறது. அப்புறம் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது. மறைக்கவில்லை.

இனி செய்யப்போவது:

1. திங்கள் (ஜூன் 23) காலை 9.00: அறிக்கையைத் திரும்ப வாங்குவேன். 80 எப்படி 89 ஆனது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பேன். நோட்டைப் பூட்டியது நான் என்பது முதல் வரி.

2. பணியிடம் நர்ஸுக்கு என்று பரிந்துரைப்பேன். ஜூலையிலிருந்து வேறு வேலை தேடுவேன்.

3. போவதற்குள் 41 எண்ணும் பட்டியலுக்குத் திரும்பும். தவணைக்கு வராதவர் இனி கழிய மாட்டார். அச்சாகும் தாளில் எல்லோருக்கும் மேலே வருவார், பேரோடும் வீட்டு விலாசத்தோடும்.

4. கூடத்துத் திரையில் டோக்கன் எண் மட்டும் ஓடும்.

5. நம் வீடு போக மீதி 23 வீடு. நாளைக்கு இரண்டு.

6. அப்பா சொல்லச் சொல்ல நர்ஸ் உனக்கு எழுதும் கடிதங்கள் வரட்டும். எனக்குக் காட்ட வேண்டாம். என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்டாலும் சொல்லாதே.

7. வியாழன் மதியம் கட்டு மாற்றும்போது அறையில் இருக்க அப்பா சம்மதித்திருக்கிறார். கால் மாட்டில் உட்காருவேன். எண் எதுவும் கேட்க மாட்டேன்.